சாம்பி கொழம்புக்கு இல்ல

கோழி அடைக்கிற பஞ்சாரத்தத் தூக்குனா உள்ள ரத்தம்! புதுசா வாங்கிட்டு வந்த சாம்ப நெறக் கோழி தரையோட தரையாக் கெடக்குது, பழைய கோழிக நாலும் மாத்தி மாத்தி அது மண்டையக் கொத்துதுக. கோழி வளக்குற மக்களே, முட்டை விக்கிறது ஈசி, கோழிகளுக்குள்ள நடக்குற அடிதடிய வெலக்குறதுதேன் தொழிலு. கம்பத்துல நான் வேல பாக்குற ஜெராக்ஸ் கடைல, ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு நடுவுல இத டைப் அடிக்கிறேன். பிழை இருந்தா கொத்தாதீக.

ஒண்ணா அடச்ச கூத்து

எங்க காமயகவுண்டன்பட்டில புதுக்கோழி வந்தா, இருட்டுனதும் பழசுகளோட சேத்து ஒரே பஞ்சாரத்துல கவுத்திருவோம். மூங்கில் கூடைக்குள்ள ஒண்ணாக் கெடந்து பழகிரும். ஆனா வெளிச்சம் வாரதுக்குள்ள தொறந்து விட்ரணும். அன்னைக்கி எனக்கு லீவு, நல்லாத் தூங்கிட்டேன். வெளிச்சம் வந்ததும் மேனேஜர் வேலையக் காமிச்சிருச்சு. மேனேஜருன்னா எங்க கருப்புப் பெட்டை. தீனியப் போட்டா அது தின்னு முடிக்கிற வரைக்கும் மத்ததுக தள்ளித்தேன் நிக்கணும்.

புதுசுக்கு சாம்பின்னு பேரு வச்சு, மடில போட்டு மண்டையத் தொடச்சுக்கிட்டு இருக்கேன். அம்மா அடுப்படில இருந்தே தீர்ப்புச் சொல்லிருச்சு: "வார ஞாயித்துக்கெழம கோம்பைல இருந்து ஒம் மாமா வாராக. இது இனித் தேறாது, கொழம்புக்கு ஆச்சு."

செவப்புத் துணி

"முடியாது"ன்னு நான் கத்துன கத்துல பக்கத்து வீட்டு மதினி ஓடியாந்தாக. அவுகதேன் நமக்கு நெரந்தர முட்டைக் கஸ்டமர். கோழிக்குக் கண்ணு பட்ருச்சாம். அவுக கொடில காஞ்ச சேலையவே கிழிச்சு, செவப்பா ஒரு துண்ட சாம்பி கால்ல கட்டிவிட்டாக. நானும் பாத்துக்கிட்டு நின்னேன் பாருங்க! கோழிக்குச் செவப்பக் கண்டா அலகு சும்மா இருக்காது. ரத்தமும் ஒண்ணுதேன், துணியும் ஒண்ணுதேன்.

சாம்பியக் கீழ விட்டதும், மண்டைய விட்டுட்டு நாலும் கால்மேல பாஞ்சிருச்சுக. நான் வெளக்கமாத்தோட பாய, துணிய உருவிக்கிட்டு மேனேஜர் ஓட, மதினி தலைல கைய வச்சுட்டாக: "கண்ணு பட்டது கோழிக்கு இல்லடி, என் சேலைக்குத்தேன்!"

உள்ள யாரு, வெளிய யாரு?

எல்லாரும் ஒரே யோசனதேன் சொன்னாக, அடி வாங்குறதத் தனியா அடச்சு வையின்னு. எதுக்கு? அடிச்சது வெளிய மேயணும், அடிபட்டது உள்ள கெடக்கணுமா? நான் மேனேஜரத் தூக்கிப் பஞ்சாரத்துல கவுத்தேன். தண்ணி, தீனியெல்லாம் உள்ளேயே. சாம்பி மண்டைல அடுப்புக்கரியும் வேப்பெண்ணெயும் கொழச்சுப் பூசுனேன். செவப்பும் மறஞ்சிரும், கசப்புல எதுவும் கொத்தாது. தீனித் தட்டையும் ரெண்டாக்கி தள்ளித் தள்ளி வச்சேன்.

மேனேஜர் இல்லாம மத்ததுக அடங்கிருச்சுக. சாம்பி வாசல் வரைக்கும் நடக்க ஆரம்பிச்சிருச்சு. சில நாள் கழிச்சு மேனேஜர வெளிய விட்டேன். வந்த வேகத்துல சாம்பி மண்டைல ஒரு கொத்து! அப்பறம் அலக மண்ணுல தேச்சுக்கிட்டே போயிருச்சு.

இதக் கடைல ஜெராக்ஸ் மிசினு ஓட்டுற அண்ணன்கிட்டச் சொன்னேன். அவரு மொதலாளி ரூமத் திரும்பிப் பாத்துட்டு மெதுவாச் சொன்னாரு: "அந்தப் பஞ்சாரத்த ஒரு நா இங்கன கொண்டு வாத்தா."

மாமா வந்தாக

ஞாயித்துக்கெழம மாமா வந்து உக்காந்துட்டாக. அம்மா மசாலா அரச்சு வச்சிருச்சு. நான் சாம்பிய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அடுப்படி வாசல்ல மறிச்சு நின்னேன். "இத அறுக்கணும்னா மொத என்னையத் தாண்டிப் போ!"

சத்தங் கேட்டு மாமா எந்திரிச்சு வந்தாக. கரி பூசுன மண்டைய மோந்து பாத்ததும் மொகம் கோணிருச்சு. "வேப்பெண்ணெய் மாமா. கோழிக கூட கொத்துறதில்ல"ன்னேன். மாமா அம்மா பக்கம் திரும்புனாக: "கோழியே கொத்தாதத என்னையத் திங்கச் சொல்றியா தங்கச்சி? முட்டையப் பொரிச்சு வையி, போதும்!"

கோழிகள்ல மொத எடம் யாருக்குன்னு இன்னும் முடிவாகல, ஆனா எங்க வீட்டுல கடைசி எடம் எனக்குத்தேன், இருந்த முட்டையெல்லாம் மாமா தட்டுக்குப் போக, வெறும் ரசத்த ஊத்தித் தின்னுட்டு சாம்பி பக்கத்துல தெனாவெட்டா உக்காந்திருந்தேன்.