பெட்போட் லொறியும் நான் மாற்றிச் சொன்ன பதிலும்

பிள்ளைகளே, போன மாதம் ஏரிக்கரையில் பழைய வாகனங்களைப் பார்வைக்கு விட்டிருந்தபோது, நான் ஒரு பச்சை லொறியின் முன்னால் போய் நின்றவன் அசையவே இல்லை. சின்னவள் பசிக்கிறது என்று என் கையை இழுத்தாள். பெரியவன், "அப்பா, இது சும்மா பழைய இரும்புதானே" என்றான். அந்த இடத்தில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற கதையல்ல அது. அதில் நான் செய்த ஒரு பிழையும் இருக்கிறது. ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சுவிஸில் எம்மன்புரூக்கே என்ற ஊரில் மூன்றாம் மாடியில் இருந்தோம். அம்மாவின் தம்பி, என் மாமா, ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. பகலில் அப்பாவோடு ஓர் உணவகத்தில் சட்டி கழுவுவார். மாலையில் வீட்டுக்கு வந்து லொறி ஓட்டுவார்.

லொறி என்றால், வாயால்தான். ஊரில், கொடிகாமத்தில் ஒரு முதலாளியிடம் ஐந்து லொறிகள் இருந்தனவாம், அவற்றில் ஒன்றை மாமா ஏழு வருடம் ஓட்டினாராம். ஐந்தும் இங்கிலாந்தில் செய்த பெட்போட் லொறிகள். வெங்காயமும் புகையிலையும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார்கள். திரும்பும்போது மாவும் சீனியும் வரும். "வெள்ளைக்காரன் போயிட்டான், அவன்ரை லொறி போகேல்லை" என்பார் மாமா. சோபாவில் இருந்தபடி அகப்பையைப் பிடித்துக் கியர் மாற்றிக் காட்டுவார். தொண்டையில் எஞ்சின் உறுமும். ஏற்றத்தில் ஒரு சத்தம், இறக்கத்தில் வேறொரு சத்தம். அம்மா குசினியிலிருந்து, "டேய், அகப்பையைத் தா, குழம்பு அடிப்பிடிக்குது" என்று கத்துவா.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு லொறிக் கொம்பனியின் முற்றம் இருந்தது. ஒரு பின்னேரம் நானும் மாமாவும் அந்த வழியால் வரும்போது உள்ளே ஒரு சத்தம் கேட்டது. இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம். மாமா சொத்தைப் பல்லில் ஐஸ் பட்டவரைப் போலக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பச்சை லொறி. தவளை மூஞ்சி, உருண்ட மட்காட், வலது பக்கம் ஸ்டியரிங்.

"ஐயோ, பெட்போட்!" என்றார் மாமா. பிறகு வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுத்தத் தமிழில் கத்தினார்: "டபிள் கிளச் போடுங்கோ! கியர்ப் பல்லை உடைக்கப் போறியள்!"

உள்ளே ஓட்டிக்கொண்டிருந்தவர் அந்தக் கொம்பனி முதலாளியின் மகள். நாற்பதைத் தாண்டிய, தோள் அகன்ற பெண். நாற்பது தொன் லொறியை ஒரு கையால் பின்னுக்கு எடுப்பா. ஆனால் இந்தப் பழைய லொறி அவவுக்கு மசியவில்லை. இறங்கிவந்து, இது லொறி இல்லை, கோப்பி அரைக்கிற மெசின் என்றா. பின்னால் ஊன்றுகோலோடு முதலாளி வந்தார். வெள்ளை மீசை. அவருடைய தகப்பன், இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரித்தானிய இராணுவம் விற்றுத் தள்ளிய லொறிகளில் ஒன்றை வாங்கி, அதை வைத்துத்தான் கொம்பனியைத் தொடங்கினாராம். இப்போது அவர் கொம்பனியை விற்கப் போகிறார். வருகிற சனிக்கிழமை ஊர் விழா ஊர்வலத்தில், கடைசியாக ஒருமுறை தகப்பனின் லொறியை ஓடவைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. தான் ஓட்டலாம் என்றால் இடது முழங்காலில் சத்திரசிகிச்சை. கிளச்சை மிதிக்க முடியாது.

இவ்வளவையும் மாமாவுக்குத் தமிழில் சொன்னது நான். எங்கள் வீட்டில் டொச்சு என்கிற ஜெர்மன் மொழி தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். வைத்தியரிடம் அம்மாவின் வயிற்றுவலியும் என் வாயால்தான் போகும். கெமைண்டே என்கிற ஊராட்சிக் கந்தோரில் மாமாவின் கடிதங்களும் என் வாயால்தான் போகும்.

முற்றத்துக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கட்டாம் என்றார் முதலாளி. மாமா சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் ஏறினார். முன்னுக்குப் போனார், பின்னுக்கு வந்தார், வளைத்தார். ஒரு கடிபாடும் இல்லை. முதலாளி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கண்ணைத் திறந்ததும் என்னிடம் திரும்பி, சனிக்கிழமை ஊர்வலத்தில் உன் மாமா ஓட்டுவாரா என்று கேட்டார்.

நான் மாமாவிடம் கேட்டேன். மாமா பதறிப்போனார்.

"றோட்டிலையோ? என்னட்டை இந்த நாட்டு லைசென்ஸ் இல்லை, விசா முடிவும் வரேல்லை. பொலிஸ் மறிச்சால் என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். மன்னிக்கச் சொல்லு மருமோன்."

இப்போது என் பிழையைச் சொல்கிறேன். என் வகுப்பில் எல்லாருடைய வீட்டாரும் என்ன வேலை செய்கிறார்கள் என்று எழுதச் சொன்னபோது நான் "சட்டி கழுவுகிறார்கள்" என்று எழுதினேன். பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். ஊர்வலம் போகும் தெருவில் முழு வகுப்பும் நிற்கும். என் மாமா அந்த உயரத்தில் இருந்து போவதை அவர்கள் பார்க்க வேண்டும்.

முதலாளியிடம் நான் சொன்னேன்: "மாமா சந்தோசமாக வருவார். பத்து வருடம் இங்கிலாந்து லொறி ஓட்டியவர்." மாமாவிடம் சொன்னேன்: "பரவாயில்லையாம். சனிக்கிழமை பார்க்க வரட்டாம்."

ஏழு வருடத்தைப் பத்தாக்கியதுதான் எனக்குப் பொய்யாகத் தெரிந்தது. மற்றது அப்படித் தோன்றவில்லை. அந்த நேரம் வந்தால் மாமா மாட்டேன் என்று சொல்லமாட்டார் என்று நம்பினேன்.

சனிக்கிழமை மாமா அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு, நான்கு தேசிக்காய்களையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். யார் ஓட்டினாலும் பரவாயில்லை, இத்தனை காலம் நின்ற லொறி வெளியே போகும்போது சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைக்காமல் போகக் கூடாதாம். லொறிக்கு மாலை கட்டியிருந்தார்கள். முதலாளி கோட்டில் பூச் செருகியிருந்தார். வாசலில் வெள்ளைக் கையுறையோடு இரண்டு பொலிஸ்காரர் தெருவை மறித்துக்கொண்டு நின்றார்கள்.

முதலாளி மாமாவின் கையைப் பிடித்து, உள்ளங்கையில் லொறியின் திறப்பை வைத்தார்.

மாமா திறப்பைப் பார்த்தார். பொலிஸ்காரரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னடா மருமோன், நீ என்னத்தைச் சொன்னனீ?"

என்ன சொல்கிறார் என்று முதலாளி என்னிடம் கேட்டார். இரண்டு பெரிய மனிதர்களும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போதும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் மாமா பொலிஸ்காரர் காணாதபடி திறப்பை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே டொச்சில் சொன்னேன்: மாமா அன்றைக்கு வரமாட்டேன் என்றுதான் சொன்னார், நான்தான் மாற்றிச் சொன்னேன்.

முதலாளி ஏசவில்லை. மீசையைத் தடவினார். அன்றைக்கு உன் மாமா என்ன சொன்னாரோ அதை இப்போது அப்படியே சொல் என்றார். லைசென்ஸ், விசா, பொலிஸ், திருப்பி அனுப்புவார்கள் என்கிற பயம், மன்னிப்பு, எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் மாமாவின் கையிலிருந்து திறப்பை மெல்ல எடுத்துக்கொண்டார். எடுத்த பிறகும் அந்தக் கையை விடவில்லை. தெருவில் மேளம் அடிக்கத் தொடங்கிவிட்டது. கிழவர் லொறியைத் திரும்பிப் பார்த்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மாமாதான் பேசினார். முதலாளியின் மகளைக் காட்டி, "அந்தப் பிள்ளையை ஏறச் சொல்லு. நான் பக்கத்திலை இருக்கிறன். நீ நடுவிலை இரு. நான் சொல்லுறதைச் சொல்லு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றார்.

நான் அப்படியே சொன்னேன், "பிள்ளை" உட்பட. தன்னைக் கடைசியாகக் குழந்தை என்று கூப்பிட்டவர் செத்து இருபது வருடமாகிறது என்று அவ உரக்கச் சிரித்தா. சிரித்தபடியே ஏறிவிட்டா.

மாமா குனிந்து நான்கு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தார். லொறி அவற்றை நசித்துக்கொண்டு நகர்ந்ததும், முதலாளி ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டுத் தும்புத்தடியை எடுத்து, நசிந்ததை உடனே கூட்டி அள்ளினார். ஒரு பொலிஸ்காரர் திருப்தியோடு தலையாட்டினார்.

முற்றத்தில் இரண்டு சுற்று. முதல் சுற்றில் பல்லு நறநறத்தது. "அவசரப்படாதை பிள்ளை. கிளச்சை மிதி. கியரை நடுவுக்குக் கொண்டுவந்து விடு. இப்ப கிளச்சை விடு. கொஞ்சம் எண்ணெய் குடு. லொறிக்கும் மூச்சு விட நேரம் வேணும். இனித் திரும்ப மிதி." மாமா ஒவ்வொரு துண்டாகச் சொல்ல, நானும் ஒவ்வொரு துண்டாகச் சொன்னேன். மூச்சைக்கூட மொழிபெயர்த்தேன். இரண்டாம் சுற்றில் கியர் வெண்ணெயில் கத்தி இறங்கினது போல விழுந்தது. "பார்த்தியோ!" என்று மாமா அவவின் தோளில் தட்டப்போய், பிறகு வெட்கப்பட்டு என் தோளில் தட்டினார்.

பிறகு ஊர்வலத்தோடு தெருவில் இறங்கினோம். தேவாலயத்தடியில் ஓர் ஏற்றம். மேலே ஏறுமுன் கியரைக் குறைக்க வேண்டும். தவறினால் லொறி பின்னுக்கு உருளும்; பின்னால் வாத்தியக்காரர் ஊதிக்கொண்டு வருகிறார்கள். மாமா எஞ்சினைக் கேட்டார். அவவின் கை கியரில் இறுகியது. இப்பவோ, இப்பவோ என்று கேட்டா. "பொறு" என்றார் மாமா. பொறுங்கள் என்றேன். எஞ்சின் முனகியது. "பொறு." லொறி நடுங்கத் தொடங்கியது. நானாக ஒரு "இப்போது" சொல்லிவிட்டால் என்ன என்று நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

"இப்ப!"

நான் சொல்லி முடிக்கவும் கியர் விழவும் சரியாக இருந்தது. லொறி ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு ஏறியது. சனம் கை தட்டியது. என் வகுப்பு அந்த மூலையில்தான் நின்றதாம். நான் யாரையும் காணவில்லை. மாமாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி அந்தக் கிழமையே மாமாவுக்காக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார், இவர் நேர்மையான மனிதர் என்று. மகள் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் தானே பக்கத்தில் இருந்து மாமாவுக்கு இந்த நாட்டு றோட்டைப் பழக்கினா. அவர்கள் இருவரையும் நினைக்காமல் நான் இன்றும் ஒரு பழைய லொறியைக் கடந்து போவதில்லை.

அன்று ஊர்வலம் முடிந்து வீட்டுக்கு நடந்துவரும்போது, மாமா அப்பாவிடம் சொல்லி எனக்கு அடி வாங்கித் தரப்போகிறார் என்று பயந்துகொண்டே வந்தேன். எப்படி நடந்தது என்று அப்பா கேட்டார். "நல்லா நடந்தது, அத்தான். மருமோன் வடிவாக் கதைச்சவன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாமா கோட்டைக் கழற்றி மாட்டினார்.

திங்கட்கிழமை காலை அவருக்குக் கெமைண்டேயில் ஒரு சந்திப்பு, விசா விசயமாக. அப்பாவோடு வேலை செய்த ஓர் அண்ணை, இரவு வகுப்புக்குப் போய் டொச்சு படித்தவர், தான் கூட வாறன் என்று ஞாயிறு வந்து சொன்னார். சின்னப் பெடியனை நம்பி இதுக்கெல்லாம் போகலாமோ என்றும் கேட்டார். "வேண்டாம் அண்ணை. எனக்கு ஆள் இருக்கு" என்றார் மாமா.

காலையில் என் தலையை இழுத்து வாரிவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். கந்தோர்ப் பெண் கேள்வி கேட்டா. மாமா என் முகத்தைப் பார்த்து ஆறுதலாகப் பதில் சொன்னார். நான் சொன்னது சரிதானா என்று ஒருமுறைகூடத் திருப்பிக் கேட்கவில்லை.

எனக்கென்றால், அன்று கணக்குப் பாடத்திலிருந்து தப்பிவிட்டேன் என்ற சந்தோசம் மட்டும்தான்.