மூன்றாம் நம்பர் டிரையர்

மூணாற்றுக்கு மேலே அந்தத் தேயிலை பேக்டரியில் பதினெட்டு வருஷமாக மூன்றாம் நம்பர் டிரையர் பெரியமுத்துவின் கையில்தான் இருந்தது. "என்னய விட அந்த இரும்புகூடத்தான் அவரு அதிகமாப் பேசுறாரு" என்று அவர் சம்சாரம் அழகுத்தாய் பைப்படியில் சொல்லிச் சிரிப்பாள். மனுஷர் மறுத்ததே கிடையாது.

டிரையர்காரர் கூட்டிக் குறைக்க மூன்று விஷயங்கள் உண்டு: அடிக்கிற சூடு, தட்டு நகரும் வேகம், அரைத்த கொழுந்தைப் பரப்பும் கனம். அன்றைய அளவை மெஷின் மூடியில் சாக்பீஸால் எழுதிவைப்பது அங்கே வழக்கம். அந்த எழுத்தை அடுத்தவன் தொட்டால் பெரியமுத்துவுக்கு முகம் சுண்டிவிடும்.

எழுபத்தாறு பிப்ரவரியில் காளிச்சாமி என்று ஒரு இன்ஜினீயர் வந்தார். பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளிக்காரர், நெல் வெள்ளாமைக் குடும்பம். ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்ததை ஒரு நோட்டில் எழுதி எடுத்து வந்திருந்தார். டிரையர்காரர்கள் மூவரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"எங்கூட்டுல விதைநெல் எடுக்கறாப்பலதானுங்க. மூணு டிரையரும் ஒரே நேரத்துல, ஆளுக்குக் கொஞ்சம் மாத்தி ஓட்டோணும். எதுல தூள் நல்லா வருதோ, அந்த அளவை மத்த ரெண்டு பேரும் எழுதிக்கோணும். நாளைக்கு அதுலிருந்து மறுபடி கொஞ்சம் மாத்தோணும். அவ்வளவுதானுங்க."

வேலை செய்தது. இரண்டே மாதத்தில் தூளின் நிறமும் மணமும் ஏறின. எவ்வளவு மாற்றுவது என்பதில்தான் மற்ற இருவரும், ஒன்றாம் நம்பர் சூசையப்பனும் இரண்டாம் நம்பர் சந்தனமும், தடுமாறினார்கள். பெரியமுத்துவுக்கு அது கைவாக்கில் வந்தது. ஜெயித்த மறுநாள் தைரியமாகப் பெரிதாகத் திருகுவார், தோற்றால் மயிரிழைதான். காளிச்சாமி அதைக் கவனித்து, திருகும் அளவையும் வெற்றி தோல்வியே சொல்லட்டும் என்று தன் நோட்டில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

ஆனால் பெரியமுத்துவை ஒன்று உறுத்தியது. சித்திரை முடிவதற்குள் மூன்று மூடியிலும் ஏறக்குறைய ஒரே அளவாகிவிட்டது. யார் மாற்றினாலும் புதிதாக ஒன்றும் வரவில்லை. ஒருநாள் நேராகப் போய்க் கேட்டுவிட்டார்.

"சார், ஒங்க ஊருல எல்லா வயலுக்கும் ஒரே வெதையவா போடுவாக?"

"அதெப்படிங்க? மேட்டுக்கு ஒண்ணு, பள்ளத்துக்கு ஒண்ணு."

"அப்ப மூணாம் நம்பர அதும்போக்குல விடுங்க. நான் யாரையும் பாத்து எழுத மாட்டேன்."

காளிச்சாமி தலையைச் சொறிந்தார். "ஒரு மாசம் உடறனுங்க. ஆனா உங்க தூள் பின்தங்குனா, உங்களை வாட்டு மாடிக்கு அனுப்பிருவேன்னு டீமேக்கர் கறாராச் சொல்லிட்டாருங்க. அப்புறம் என் பேச்சு எடுபடாது."

தூளின் தரத்துக்கு டீமேக்கர்தான் பொறுப்பு, அவர் சொன்னால் சொன்னதுதான். வாட்டு மாடி என்றால் நாள் முழுக்கப் பச்சைக் கொழுந்தை உதறிப் பரப்பும் வேலை. பதினெட்டு வருஷ டிரையரை விட்டு அங்கே போகப் பெரியமுத்துவுக்கு மனசே இல்லை. ஆனாலும் தலையாட்டிவிட்டார்.

மூன்று வாரம் தோற்றார். மெலிசாகப் பரப்பி, தட்டை மெதுவாக ஓட்டிப் பார்த்தார்; வெயில் காலக் கொழுந்து அதில் ஒரு பிடி கூடுதலாகவே காய்ந்து மணத்தை இழந்தது. "அண்ணே, மாடியில காத்து ஜிலுஜிலுன்னு வருமாம்ல" என்று சந்தனம் சீண்டினான். பெரியமுத்துவுக்கு அழுகையே வந்திருக்கும். சாக்பீஸை இரண்டாக உடைத்து, ஒரு துண்டால் அன்றைய அளவை மூடியில் எழுதினார்.

கெடு முடிய நான்கு நாள் இருக்கையில் எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. கொழுந்து சொட்டச் சொட்ட வந்தது, சரியாக வாடவும் இல்லை. டீமேக்கர் ஒன்றாம் நம்பர் தூளை உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். சத்தமே இல்லை, மெத்தென்று அமுங்கியது. இரண்டாம் நம்பரும் அப்படியே. மூன்றாம் நம்பர் தூளை அழுத்தினார். மொறுமொறுவென்று நொறுங்கியது.

டீமேக்கர் இன்னொரு பிடி அள்ளி மறுபடியும் நொறுக்கிப் பார்த்தார்.

"உங்க எடத்தை இனி ஒருத்தரும் அசைக்க முடியாதுங்க" என்றார் காளிச்சாமி. அரை மணி நேரத்தில் சூசையப்பனும் சந்தனமும் வந்து அளவை எழுதிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை பெரியமுத்து மூன்று மூடிகளையும் வரிசையாகப் பார்த்தார். மூன்றிலும் அவருடைய அளவு. அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு. கொஞ்ச நேரம் நின்று ரசித்துவிட்டு, ஈரத்துணியை எடுத்துத் தன் மூடியைத் துடைத்தார்.

சந்தனம் ஓடிவந்தான். "அண்ணே! ஜெயிச்ச அளவ எதுக்குண்ணே அழிக்கிறீக?"

"அதான் நீங்க ரெண்டு பேரும் வச்சிருக்கீகளே. மூணும் ஒண்ணா நின்னா, வெயிலு திரும்புறன்னைக்கு எவன்கிட்டடா வேற அளவு இருக்கும்?"

ஜெயித்த மறுநாள் அல்லவா, பெரிதாகவே திருகினார்.