கண்ணாடி நூல் கவுன்

நீங்கள் டிசைன் செய்ததிலேயே அழகான துணி எது என்று புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் கேட்கிறார்கள். பைபர் கிளாஸ் நூலில் நெய்த திரைத்துணிதான். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்குக் கோபம் வரும். இன்றைக்கும் ஆறவில்லை.

1. அரிப்பு

எண்பதுகளின் தொடக்கம். திருமங்கலம் ரோட்டில் ஒரு மில்லில் டிசைனராக இருந்தேன். தியேட்டருக்கும் ஓட்டலுக்கும் தீப்பிடிக்காத, வெளிச்சம் ஊடுருவுகிற திரைத்துணி வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. பம்பாயிலிருந்து கண்ணாடி இழை நூல் வந்தது. பாவு நூல்கள் இரண்டிரண்டாகப் பின்னிக்கொள்ளும் லீனோ நெசவில் ஆறு மாதம் மல்லுக்கட்டினேன். ஜன்னலில் தொங்கவிட்டால் மதுரை வெயிலே சாதுவாக இறங்கியது. முதலாளி தோளில் தட்டிக்கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வைண்டிங்கில் நூல் சுற்றும் பெண்கள் மட்டும் கையைச் சொறிந்துகொண்டே இருந்தார்கள். நூலோடு இங்கிலீஷில் ஒரு தாளும் வந்திருந்தது. இழை உடைந்தால் கண்ணுக்குத் தெரியாத தூள் பறக்கும், கையுறை கட்டாயம், உடுத்தும் துணியாகத் தைக்கவே கூடாது. இதைத் தமிழில் எழுதி ஒட்டலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"யோவ், இதப் படிச்சா எவ வேலைக்கு வருவா? பவுடர் போட்டுக்கிறச் சொல்லு."

தாளை டிராயரில் போட்டுப் பூட்டினார். நானும் வாயை மூடிக்கொண்டு திரும்பினேன். என் டிசைன் நின்றுபோகுமோ என்ற பயம், வேறென்ன?

2. கட் பீஸ்

தீபாவளிக்குத் தொழிலாளிகளுக்கு மிச்சம் விழுந்த கட் பீஸ் கொடுப்பது மில் வழக்கம். அந்த வருஷம் காட்டன் பற்றவில்லை என்று மேனேஜர் கண்ணாடித் துணியையும் வெட்டிக் கொடுத்துவிட்டார். நான் அன்றைக்குக் கோயம்புத்தூரில் இருந்தேன். ஊரில் இருந்திருந்தால் தடுத்திருப்பேன் என்று சொல்ல ஆசைதான்.

பண்டிகை முடிந்து நாலு நாளாகியும் வைண்டிங் பாண்டியம்மா வேலைக்கு வரவில்லை. பக்கத்து மெஷின்காரியிடம் விசாரித்தேன்.

"அவ மகளுக்கு அம்மை சார். காலைல புதுக்கவுன் போட்டா, பொழுது சாயுறதுக்குள்ள மேலெல்லாம் முத்துப் போட்ருச்சு."

"என்ன கவுன்?"

"நம்ம மில்லு துணிதான் சார், அந்தப் பளபளன்னு இருக்குமே."

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாசலில் வேப்பிலை செருகியிருந்தது.

"உள்ள வராதீக சார், ஆத்தா வந்துருக்கா," என்றாள் பாண்டியம்மா.

அம்மை என்று நினைத்ததால் குழந்தைக்குத் தண்ணீரே ஊற்றவில்லை. புதுத்துணியில் வந்த ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று கவுனையும் கழற்றவில்லை. ஆறு வயசுப் பிள்ளை நாலு நாளாக அதற்குள்ளேயே கிடந்து கழுத்தை ரத்தம் வரச் சொறிந்து வைத்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

"இது அம்மை இல்ல பாண்டியம்மா. இந்தத் துணில கண்ணாடி இருக்கு. கழட்டிட்டு நெறையத் தண்ணி ஊத்து."

குடம் குடமாக ஊற்றினாள். பிள்ளையின் அழுகை மெல்ல அடங்கியது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கண்ணாடின்னு உங்களுக்கு எப்ப சார் தெரியும்?"

"நூல் வந்த அன்னைக்கே."

"நாலு நாளா நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு ஆத்தாகிட்ட கேட்டுக்கிட்டுக் கெடக்கேன் சார். ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

3. மில் கேட்

மறுநாள் அந்தத் தாளில் படித்ததையெல்லாம் நினைவிலிருந்து தமிழில் எழுதி மில் கேட்டில் ஒட்டினேன். மேனேஜர் கிழித்தார். திரும்ப ஒட்டினேன். அந்த வாரமே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலையை இழந்தானே என்று யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம். ஒட்ட வேண்டிய நாளில் ஒட்டியிருந்தாலும் அதே வேலைதான் போயிருக்கும், அந்தப் பிள்ளையின் கழுத்து தப்பியிருக்கும்.

புது நூல் எது வந்தாலும், அதைப் பற்றித் தெரிந்ததை முதலில் அதைச் சுற்றப்போகிற பெண்களிடம் சொல்லுங்கள். பென்சிலை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.