அப்பாவுக்கு வராத நெஞ்சுவலி

கோர்ட்டுக்கு அன்று அப்பா வந்திருந்தார். மணல் டிப்பரின் டிரைவர் வந்திருந்தார். அம்மா, சித்தப்பா, என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லாததால் நானும். டிப்பருக்குச் சொந்தக்காரரான கான்ட்ராக்டர் மட்டும் வரவில்லை. அன்று விடிகாலை கடற்கரையில் மணல் அள்ளும்போது அப்பா, டிரைவர், கான்ட்ராக்டர் மூன்று பேரையும் ஒன்றாகத்தான் பிடித்தார்கள். ஸ்டேஷன் வாசலில் இறங்கும்போது கான்ட்ராக்டருக்கு நெஞ்சுவலி வந்துவிட்டதாம். பெரிய ஆஸ்பத்திரியில் தனி அறையில் இருக்கிறாராம். அவருடைய வக்கீல் சொன்னதை மாஜிஸ்திரேட் குறித்துக்கொண்டு, மற்ற இருவரையும் ஜெயிலுக்கு அனுப்பச் சொன்னார்.

எங்கள் தீவுகளில் கடற்கரை மணலை அள்ளக் கூடாது. அள்ளாமல் யாரும் பெரிய கட்டடம் கட்டியதாகவும் தெரியவில்லை. அப்பா ஓர் அரசு இலாகாவில் பதினோரு வருடமாகத் தினக்கூலி மஜ்தூர். வேலை நிரந்தரமாகும் பட்டியலில் அவர் பெயர் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கான்ட்ராக்டரிடம் லோடு ஏற்றப் போவார், கூரைக்குத் தகரம் வாங்க.

வராந்தாவில் போலீஸ்காரர் அப்பாவின் கையைப் பிடித்தபடி நின்றார். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்பதால் யோசனை சொல்லும் உரிமை எனக்கு உண்டு என்று நினைப்பு.

"அப்பா, உனக்கும் நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லுப்பா. அம்மா அங்கதான வேலை பாக்குது."

அம்மா அந்த ஆஸ்பத்திரியில்தான் தரை துடைத்தாள். அப்பா போலீஸ்காரரிடம் அப்படியே சொல்லியே விட்டார்.

"க்யா ரே, தூ பீ சேட் பன் கயா?" நீயும் முதலாளி ஆகிவிட்டாயா என்று கேட்டு, அவர் அப்பாவின் பிடரியில் ஒன்று வைத்தார். பலமாக இல்லை. நான் பார்க்கும்படி.

அடுத்து நடந்ததை அம்மா பல வருடம் கழித்துத்தான் சொன்னாள். ஜெயிலுக்குக் கொண்டுபோகும் முன் எப்படியும் டாக்டரிடம் காட்ட வேண்டுமாம். கோர்ட்டிலிருந்து வேலைக்குப் போய், மதியம் அவள் ஆஸ்பத்திரி வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அப்பாவை அந்த ஈரத்தின் மேலேயே நடத்தி வந்தார்கள். நெஞ்சு வலிக்கிறது என்று அவர் மறுபடியும் சொன்னார். கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப்பைக் கையில் எடுக்காமலேயே டாக்டர் 'ஃபிட்' என்று எழுதிக் கொடுத்தார். போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். தனி அறையிலிருந்து கான்ட்ராக்டர் அம்மாவைக் கூப்பிட்டார். சற்று முன்தான் அவளிடம், உன் வீட்டுக்காரனைப் பற்றிக் கவலைப்படாதே என்று சொல்லி ஓர் ஆப்பிள் கொடுத்திருந்தார்.

"அந்தக் கதவைச் சாத்திட்டுப் போம்மா. ஒரே சத்தமா இருக்கு."

அம்மா சாத்தினாள். ஆப்பிளை நான் அன்று மாலையே தின்றுவிட்டேன்.

நான்காம் நாள் மூன்று பேருக்கும் ஒரே மாதிரி ஜாமீன் கிடைத்தது. நிலப்பத்திரம் உள்ள ஓர் ஆள் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். கான்ட்ராக்டருக்கு மைத்துனர் போட்டார். டிரைவருக்கும் கான்ட்ராக்டரே ஆள் ஏற்பாடு செய்தார். டிரைவருக்குத் தெரிந்த விஷயங்கள் நிறைய. அப்பாவுக்கு எதுவும் தெரியாது.

டாலிகஞ்ச் தாண்டி மலைச்சரிவில் எங்கள் வீடு. அங்கே யாருக்கும் பத்திரம் கிடையாது. காட்டை வெட்டிக் குடியேறியவர்கள். சித்தப்பா ஃபோன் செய்ததும் திக்லிபூரிலிருந்து மாமா நாள் முழுக்க பஸ்ஸில் வந்தார். அவரிடம் நெல்வயலுக்குப் பத்திரம் இருந்தது. ஆனால் அது இறந்துபோன தாத்தாவின் பேரிலேயே இருந்தது. கோர்ட் குமாஸ்தா பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "யே நஹீ சலேகா", இது செல்லாது என்று மேஜைமேல் தள்ளிவிட்டார். மாமா அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அன்றே திரும்பிவிட்டார், சாப்பிடாமல்.

ஒரு மாதம் வேலைக்குப் போகாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று அப்பாவுக்குப் பயம். இருபத்து மூன்றாம் நாள் கோர்ட்டில் சித்தப்பாவிடம் சொன்னார்:

"ஒத்துக்கிட்டா இன்னிக்கே வுட்டுருவாங்களாம்டா. திங்கக்கிழமை ட்யூட்டிக்குப் போயிருவேன்."

ஒத்துக்கொண்டார். உள்ளே இருந்த நாட்களே தண்டனை, மேலே ஓர் அபராதம். ரசீதைப் படித்துச் சொல்வது என் வேலை. கான்ட்ராக்டர் வக்கீலுக்கு மட்டும் லட்சக்கணக்கில் கொட்டியதாகப் பேச்சு. நமக்கு இவ்வளவு மலிவாக முடிந்துவிட்டதே என்று மேட்டுப்பாதை முழுக்கக் குதித்துக்கொண்டே வந்தேன். அம்மா ஏன் அழுதாள் என்று புரியவில்லை.

திங்கட்கிழமை இலாகாவில் அப்பாவை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். திருட்டை ஒத்துக்கொண்டவனுக்குப் பட்டியலில் இடமில்லையாம். கான்ட்ராக்டரின் வழக்குக்கு இன்னும் வாய்தா விழுந்துகொண்டிருக்கிறது. தீர்ப்பு வராததால் சட்டப்படி அவர் இன்றுவரை குற்றமற்றவர். போன மாதம்கூட ஒரு பள்ளிக்கூடக் கட்டட வேலை அவருக்குத்தான் கிடைத்தது.

அப்பா அந்த கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்த நேரத்தில் நான் வகுப்பில் பக்கத்துப் பையனிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், எங்க அப்பா கேஸ் முடிஞ்சிருச்சு, மொத்தமே ஐந்நூறு ரூபாதான் என்று.