கந்தகக் கப்பலுக்கு ஒரு டின் எண்ணெய்

கந்தகக் கப்பல் வந்தால் எங்கள் ஆட்களுக்குத் தேங்காய் எண்ணெய் ஒரு டின் கொடுப்பார்கள். அந்த டின்னை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் ஆட்கள் என்றால் தாராவியிலிருந்து கோதிக்குப் போகிற திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். பம்பாயில் துறைமுகத்தைக் கோதி என்றுதான் சொல்வோம். என் அண்ணன் அங்கே ஹாட்சில் இறங்குகிறவன். ஹாட்ச் கப்பலின் வயிறு. மேலே வாய் திறந்திருக்கும், ஏணி பிடித்து உள்ளே இறங்க வேண்டும். சரக்கை வாரி வலையில் நிரப்பினால் வின்ச் அதை மேலே இழுத்துக்கொள்ளும். நான் அதே கோதியில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து வெளியே வருகிற ஒவ்வொரு வலைக்கும் சீட்டுப் போடுவது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். அண்ணன் மீசை முளைக்குமுன் மூட்டை தூக்கப் போனான். அதனால் நான் மெட்ரிக் வரை போனேன். இதை அவன் ஒரு நாளும் சொல்லிக்காட்டியது கிடையாது.

யுத்தம் முடிந்து, சுதந்திரம் வரப்போகிறது என்று ரயிலில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த வெயில்காலம் அது. கோதியில் சரக்குக்கு இல்லாத வசதி கிடையாது. புதிய கிரேன்கள் வந்துவிட்டன. ரயில் வேகன், சரக்கு வைக்கும் ஷெட்டின் வாசல் வரைக்கும் வந்து நிற்கும். பழப்பெட்டிகளுக்குக் குளிர் அறை, பஞ்சுப் பொதிகளுக்குத் தார்ப்பாய். குதிரைகள் வந்து இறங்கினால் அவை குடிக்கக் கல்தொட்டி. ஹாட்சில் இறங்கும் மனிதனுக்கு ஒரே ஒரு குழாய், ஷெட்டுகளையெல்லாம் சுற்றிக்கொண்டு போனால் கேட்டுக்குப் பக்கத்தில். வேலை நடுவே அங்கே போனவனை மறுநாள் முக்காதம் எடுக்க மாட்டான். முக்காதம்தான் ஆள் கூட்டி வருகிற மேஸ்திரி. அவன் கை காட்டினால் வேலை, காட்டாவிட்டால் வீடு.

கப்பல் மத்தியதரைக் கடலிலிருந்து வந்தது. இத்தாலிக்குக் கீழே உள்ள தீவில் ஏற்றிய கந்தகம், மூட்டையில்லாமல் மண்ணைப்போலக் கொட்டிக் கிடந்தது. மேலிருந்து எட்டிப் பார்த்தேன். மஞ்சள் மேடு. சுற்றிலும் கப்பலின் உள்சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. கந்தகம் இரும்பைத் தின்றுவிடும், அதனால் ஏற்றுவதற்கு முன்பே சுண்ணாம்பு பூசிவிடுவார்கள் என்றான் வின்ச்சுக்காரன். இரும்பின்மேல் என்ன ஒரு அக்கறை!

ஆட்கள் இறங்குமுன் டின் வந்தது. ஒவ்வொருவரும் உள்ளங்கை நிறைய எண்ணெய் ஊற்றி முகத்தில், கழுத்தில், கண் இமைமேல், இமை ஓரத்தில் எல்லாம் தேய்த்துக்கொண்டார்கள். தோல் எரியாமல் இருக்க ஊர் வழக்கம் இது. இங்கே கந்தகத்துக்கும் அதையே செய்தார்கள். அண்ணன் மூக்கை மறைத்துத் துண்டு கட்டிக்கொண்டு, "கல்யாண மாப்பிள்ள மாதிரி இருக்கேனால?" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஏணியில் இறங்கினான்.

சாயங்காலம் ரயிலில் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தான். வீட்டுக்கு வந்ததும் இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டன. அம்மா விளக்கைக் கிட்டே கொண்டுவந்தாள்.

"கண்ணத் தொறல, அய்யா."

"தொறந்தா மொளகாப்பொடி அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும்மா. வெளக்க அங்கிட்டுக் கொண்டுபோ."

அண்ணன் மனைவி, என் மைனிக்குக் கைக்குழந்தை. குழந்தைக்கு மருந்து புகட்டும் சங்கில் தாய்ப்பால் பீய்ச்சிக் கொடுத்தாள். அம்மா அதைச் சொட்டுச் சொட்டாக அவன் கண்ணில் விட்டாள். அதுவும் ஊர் வழக்கம். கொஞ்சம் குளிர்ந்தது என்றான். அதற்குப் பிறகு, முகத்தில் தடவிய எண்ணெய் போதவில்லை, நாளைக்கு இன்னும் கொஞ்சம் கெட்டியாகத் தடவ வேண்டும் என்றான். எனக்கு அப்போது எதுவும் தெரியாது. நானும் தலையாட்டினேன்.

மறுநாள் காலை சீட்டில் கையெழுத்து வாங்கக் கப்பலின் இளைய அதிகாரியிடம் போனேன். அவருக்கு என்னைவிட மோசமான இங்கிலீஷ். ஹாட்ச் வாயில் வரிசையாக நின்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்களைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். கந்தகம் எரியாமல் இருக்க என்றேன். அந்த மனிதர் தன் முகத்திலேயே இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். எண்ணெய் கூடவே கூடாது, தூசி எண்ணெயில் ஒட்டி வியர்வையோடு கண்ணுக்குள் வழியும், போகவே போகாது என்று பாதி பேச்சிலும் பாதி சைகையிலும் சொன்னார். அவர்கள் ஊர்த் துறைமுகத்தில் கண்ணை மூடுகிற கண்ணாடி உண்டாம். ஹாட்ச் பக்கத்தில் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் வைப்பார்களாம். கண் கரித்தால் ஏறி வந்து கழுவிக்கொண்டு இறங்குவார்களாம்.

நேரே ஷெட் அதிகாரியிடம் ஓடினேன். மாட்டுங்காவில் வீடு, பாலக்காட்டுத் தமிழ் பேசுவார். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"எண்ணெயை நான் திணிக்கலைப்பா. அவாளே கேட்டு வாங்கிண்டது. நிறுத்தினா என் தலையைன்னா உருட்டுவா?"

"அப்போ கண்ணாடி கொடுக்கலாமே சார்."

"ஒரு பெட்டி வந்தது. வேர்த்து மங்கறதுன்னு கழட்டிக் கழட்டி எறிஞ்சா. மிச்சத்தைப் பூட்டி வெச்சிருக்கேன். இன்ஸ்பெக்ஷன் வந்தா காட்டணுமோல்லியோ?"

"ஒரு பீப்பாய் தண்ணியாவது மேல்தட்டுல வைக்கச் சொல்லுங்க."

"சரக்கு நனைஞ்சா நீ பதில் சொல்லுவியா? இதோ பார், நோக்கு நாலு எழுத்துத் தெரியும். அதை வெச்சிண்டு எண்ணற வேலையைப் பாரு. போ."

ஆட்களிடமே சொல்லிவிடலாம் என்று ஹாட்ச் வாய்க்குப் போனேன். எண்ணெய் வேண்டாம், கண்ணாடி பூட்டிக் கிடக்கிறது, அதைக் கேளுங்கள் என்றேன். கூட்டத்தில் மூத்தவர், எங்களுக்கு மாமன் முறை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏ மருமவனே, இந்த எண்ணெய்க்கு நாங்க ஹாட்சுல எறங்க மாட்டோம்னு சட்டமா ஒக்காந்தோம் தெரியுமா? முக்காதம் ஆள் விட்டு அடிச்சான். அப்ப நீரு பள்ளியோடத்துல அ, ஆ எழுதிட்டு இருந்தீரு."

"தெரியும் மாமா. ஆனா அந்த எண்ணெய்தான்…"

"எண்ணெயையும் விட்டுட்டுக் கண்ணாடியும் வரலைன்னா? ஒம்ம ஆபீசரு வந்து ஊதிவிடுவாரா கண்ணுல?"

எல்லோரும் சிரித்தார்கள். "பேனாக்காரரு சொல்லுதாரு, கேட்டுக்கோங்கவே" என்று இன்னொருவர் சேர்த்துக்கொண்டார். அண்ணன் சிரிக்கவில்லை. வீங்கிய இமைமேல் எண்ணெயைக் கெட்டியாகத் தடவிக்கொண்டிருந்தான். இறங்காதே என்று அவன் கையைப் பிடித்தேன்.

"விடுல. இன்னிக்கு நான் எறங்கலைன்னா முக்காதம் வேற ஆளக் கூட்டிருவான். ஒரு கப்பலுதான?"

அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அடிபட்டு வாங்கிய ஒரே பொருளை, நேற்று முளைத்த கிளார்க் ஒருவன் விட்டுவிடு என்றால் யார் விடுவார்கள்? அவர்கள் போராடியபோது எதைக் கேட்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. சொல்லத் தெரிந்தவர்கள், இவர்கள் கேட்டது மலிவான பொருள் என்று கண்டதும் உடனே சம்மதித்துவிட்டார்கள். கொடுக்கிற ஒவ்வொரு டின்னுக்கும் நன்றியும் வாங்கிக்கொண்டார்கள்.

மத்தியானம் கப்பலின் முதலாவது ஹாட்ச் காலியானது. அண்ணன் இருந்தது இரண்டாவதில். காலியானதைக் கழுவுவதற்காகத் தொடை தடிமனில் ரப்பர் குழாயைக் கரையிலிருந்து இழுத்து வந்தார்கள். உப்புத் தண்ணீர் ஆகாதாம், இரும்பு அரித்துவிடுமாம். குடிக்கிற நல்ல தண்ணீர்! எங்கிருந்து வந்தது அது? கேட்டுக்குப் பக்கத்தில் ஒரே குழாய்தான் என்றார்களே? கப்பலுக்குத் தேவை என்றதும் மேல்தட்டில் ஆறாக ஓடியது.

அப்போதுதான் அண்ணன் ஏணியில் ஏறி வந்தான். மேல்தட்டுக்கு வந்த பிறகும் அவன் கை அடுத்த படியைத் தேடி அந்தரத்தில் துழாவியது.

"ஏலே, யாரு நிக்கது? ஏணி எங்கல போச்சு?"

சீட்டுக் கட்டை எறிந்துவிட்டு ஓடினேன். அவனை இழுத்துக்கொண்டு போய் அந்தக் குழாய்முன் உட்காரவைத்தேன். குழாய் பிடித்திருந்த கொங்கணிக்காரக் கலாசி, "அரே, க்யா கர்தா ஹை?" என்று, என்ன செய்கிறாய் என இந்தியில் கத்தினான். பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தான். குழாய் வாயில் உள்ளங்கையை வைத்துத் தண்ணீரை மெல்ல விழச்செய்தான். தண்ணீர் முகத்தில் நிற்கவில்லை. எண்ணெயின்மேல் உருண்டு உருண்டு ஓடியது. என் சட்டையைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். சட்டை மஞ்சளானது.

ஷெட் அதிகாரி மூச்சிரைக்க ஏறி வந்தார். "யாரைக் கேட்டுண்டு இதைச் செய்யறே? இது கப்பலுக்கு எடுத்த தண்ணி!"

"இரும்புக்கு ஊத்துறத மனுஷனுக்கு ஊத்தக் கூடாதா சார்?"

"வாயை அடக்கு. இந்த நிமிஷமே உன்னைக் கேட்டுக்கு வெளில நிறுத்திடுவேன்."

அண்ணன் தட்டுத்தடுமாறி எழுந்து கை கூப்பினான். "சின்னப் பய சார். புத்தியில்லாமப் பேசிட்டான். மன்னிச்சிருங்க."

அதிகாரி நின்றது அவனுக்கு வலப்பக்கம். அண்ணன் கும்பிட்டது வின்ச்சைப் பார்த்து.

எங்கள் மாமன் ஹாட்ச் வாயில் தலை நீட்டி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏறி வந்து அண்ணன் பக்கத்தில், அதே தண்ணீரில் உட்கார்ந்தார். "எல்லாரும் மேல வாங்கலே" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். வலை பாதி நிரம்பியபடி தொங்கியது. வின்ச் நின்றது. வெளியே இன்னொரு கப்பல் இந்த இடத்துக்காக நங்கூரமிட்டுக் காத்திருந்தது. இதுதான் அதிகாரிக்கு உறைத்தது, கண்கள் அல்ல. பீப்பாய் வந்தது. கண்ணாடிப் பெட்டி வரவில்லை.

அண்ணனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வலது கண் தெளிந்தது. இடது கண்ணில் வடு விழுந்துவிட்டது, ஆள் வருவது தெரியும், யார் என்று தெரியாது என்றார் டாக்டர். முக்காதம் அவன் இடத்தில் மறுநாளே வேறு ஆளை இறக்கிவிட்டான்.

நானும் அந்த வேலைக்குப் போகப்போவதில்லை என்று வீட்டில் சொன்னேன். அந்த ஷெட் அதிகாரி முகத்தில் இனி விழிக்க மாட்டேன் என்று குதித்தேன். அண்ணன் இடது கண்ணைத் துண்டால் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

"குதிச்சு முடிச்சாச்சா? நீ வெளிய வந்துட்டா அங்க இருந்து சொல்லுததுக்கு ஆரு இருக்கா? அந்த மாமன் சொல்லுவாரா? போல, வேலைக்குப் போ."

போனேன். என்னை ஏன் வெளியே தள்ளவில்லை என்று தெரியாது. அந்தத் தண்ணீர் விவகாரம் மேலே போகாமல் இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். சில மாதம் கழித்து இன்னொரு கந்தகக் கப்பல் வந்தது. பீப்பாய் இருந்தது, தட்டிப் பார்த்தேன், காலி. டாலி கிளார்க் சீட்டுப் போடாமல் ஒரு வலையும் கரையில் இறங்க முடியாது. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பீப்பாய்மேல் ஏறி உட்கார்ந்தேன்.

"என்னடா இது?" என்றார் ஷெட் அதிகாரி.

"தண்ணி வரட்டும் சார்" என்றேன்.