அடித்து எழுதிய பக்கங்கள்

என் ஊட்டுக்காரி போய்ச் சேர்ந்து வருசம் திரும்பப் போகுது. திதிக்கு வர்றவங்களுக்குக் குடுக்க ஒரு சின்ன கார்டு அடிக்கலாம்னு பெருந்துறையில கட்டிக் குடுத்த மக சொன்னா. "போட்டோவுக்குக் கீழ அம்மா சொந்தமா எழுதுன கவிதை ஒண்ணு வேணுங்கப்பா. நோட்டுல தேடிப் பாருங்க." சரி கண்ணுன்னு சொல்லிப்போட்டேன். சொன்ன பின்னாடிதான் நெனப்பு வந்துச்சு. அவ சொந்தமா எழுதறதை நிறுத்துனதே என்னாலதான்.

கல்யாணமான புதுசு. கணபதியில லேத் பட்டறையிலிருந்து பசியோட வந்து உக்காந்திருக்கேன், பக்கத்துல எங்கண்ணன். அவ ஒரு துண்டுப் பேப்பரோட வந்து, "நானே எழுதுனதுங்க, படிக்கட்டுங்களா?"ன்னா. மழையப் பத்தி நாலு வரி. முடிக்கறதுக்குள்ள, "கவிதை கெடக்குது அம்மணி, கொழம்புல உப்பிருக்குதான்னு பாரு"ன்னு நான் சொல்ல, அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாரு. அவளும் சிரிச்சா. அந்தத் துண்டுப் பேப்பரை அப்பறம் நான் பாக்கவே இல்லை.

அதுக்கப்பறம் வாரப் பத்திரிகையில வர்ற கவிதைகளைப் பாத்து எழுதி வெக்க ஆரம்பிச்சா. பழைய பேப்பர்காரருக்குப் போடறதுக்கு முன்னாடி உக்காந்து, முத்து முத்தா எழுதி, கீழ எழுதுனவங்க பேரையும் போட்டுருவா. பழுப்பு அட்டை போட்ட நாலு நோட்டு. எதுக்கு எழுதறேன்னு ஒரு நாளும் கேட்டதில்லை நான்.

மகளுக்காக நாலு நோட்டையும் பேரை மட்டும் பாத்துக்கிட்டே பக்கம் பக்கமாப் பொரட்டுனேன். எல்லாத்துக்குக் கீழயும் யாரோ ஒருத்தர் பேர். பேரில்லாத பக்கம் ஒண்ணே ஒண்ணு இருந்திருந்தா கையெடுத்துக் கும்புட்டிருப்பேன். இல்லை. போனைப் போட்டு, "அம்மாவுது எதுவும் இல்லை சாமி. அவ எழுதி வெச்சதுல நல்லதா ஒண்ணை அனுப்பறேன்"னேன்.

எதை அனுப்பறதுன்னு யோசிக்கவே இல்லை. இத்தனை வருசத்துல நான் படிச்சது ஒண்ணே ஒண்ணுதான். கீழ ஏதோ ஒரு ஆம்பளை பேர்.

பிசிறு ஏறிய விரலை
ஊக்கு தேடுகிறது.
வலிக்கிறதா என்று கேட்டால்
இரும்பு பேசுவதில்லை.

அதைப் பாத்து எழுதலாம்னு கண்ணாடியைப் போட்டுக்கிட்டு உத்துப் பாக்கறேன், 'வலிக்கிறதா'ங்கற எடத்துல முதல்ல வேற என்னமோ எழுதி அடிச்சிருக்குது. 'நோகுதுங்களா'. பட்டறை உட்டு வந்ததும் என் கைய மடியில வெச்சு, வெரல்ல ஏறுன இரும்புப் பிசிறை ஊக்கால எடுத்துக்கிட்டே தெனமும் அவ கேக்கறது அது. நான் வாயே தொறந்ததில்லை.

பாத்து எழுதறவ எதுக்கு அடிச்சு எழுதோணும்? மறுபடியும் பொரட்டுனேன். மத்த பக்கத்துல ஒரு கீறல் கெடையாது. அந்த ஒரு பேர் இருக்கற பக்கம் பூரா அடிச்சு, திருத்தி, திருத்துனதையும் அடிச்சு. பதினேழு கவிதை. அப்படி ஒரு ஆளே இல்லை. நான் சிரிச்சிருவேன்னு பயந்து எவனோ ஒருத்தன் பேருக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கறா. அட படுபாவி மனுசான்னு என்னையே திட்டிக்கிட்டேன்.

மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அழுதா. "யாரு பேருங்கப்பா போடறது?"ன்னா. உங்கம்மா பேரைப் போடுன்னு சொல்லி போனை வெச்சுப்போட்டேன். இன்னொண்ணு இருக்குது, அதை அவகிட்டச் சொல்ல வாய் வரலை.

அவ இருந்தப்ப ஒரு நாள் டிபன் சாப்பிடறப்பத்தான் பக்கத்துல விரிச்சுக் கெடந்த நோட்டுல அந்தக் கவிதையப் படிச்சேன். "பட்டறைக்காரன் பாடு தெரிஞ்ச ஆளு அம்மணி இவன். எழுதுனா இப்படித்தான் எழுதோணும்! இந்தாள நேர்ல பாத்தா கையப் புடிச்சு, நல்லாருக்குதுங்கன்னு சொல்லோணும்"னேன். அவ என்னையே பாத்துக்கிட்டு நின்னா. அப்பறம் மெதுவாக் கைய நீட்டுனா. தட்டைக் கேக்கறாளாட்ட இருக்குதுன்னு, தின்னு முடிச்ச தட்டை அந்தக் கையில வெச்சுப்போட்டு எந்திரிச்சுப் போயிட்டேன்.