பழுதில்லை என்று எழுதப்பட்ட வீடு

ஆல்வின் டொலிவர் ஆண்டுக்கு ஒருமுறை தன் வீட்டுக்கு வெள்ளை அடிப்பார். ஈஸ்டருக்கு முந்திய இரண்டு வாரம் அதற்கென்றே ஒதுக்கியது. ஏரிக்காற்று காதை அறுக்கும் குளிரிலும் ஏணிமேல் நிற்பார். எங்கள் தெருவில் பாதி வீடுகள் பலகை அறைந்து மூடிக் கிடக்கின்றன. மீதி வீடுகளில் பெயிண்ட், வெயிலில் உரிந்த முதுகுத் தோல்போலத் தொங்குகிறது. நடுவே அவர் வீடு மட்டும் காலையில் பல் விளக்கிய வாய். எங்கள் வீட்டுக்கு வழி கேட்பவர்களிடம் தபால்காரர், "அந்த வெள்ளைப் பல்லுக்கு நேர் எதிர்ல" என்றுதான் சொல்வார்.

பஸ் டிப்போவில் இருபத்திரண்டு வருடமாகப் பஸ் கழுவுகிறார். நாள் முழுக்க ஊர் அழுக்கைக் கழுவிவிட்டு வந்து சொந்த வாசற்படியையும் கழுவுவார். ஒருமுறை அவர் துடைத்து முடித்த படியில் என் சேற்று ஷூவால் தடம் பதித்துவிட்டு ஓடிவந்தேன். மறுநாள் எங்கள் வாசலில் ஒரு வாளியும் துணியும் இருந்தன. கூடவே ஒரு சீட்டு: "எட்டுத் தடம். எண்ணிட்டேன்." போய்த் துடைத்தேன்.

அவர் அப்பா இந்த வீட்டை வாங்கிய காலத்தில், கறுப்பர்கள் குடிவந்தால் தெரு குட்டிச்சுவராகிவிடும் என்று வீடு விற்பவர்கள் வெளிப்படையாகவே பேசினார்களாம். அப்பா யாருக்கும் பதில் சொல்லவில்லை. வருடா வருடம் வெள்ளை அடித்தார். மகனும் அதை விடவில்லை. அப்பா அடித்த வெள்ளையில் ஈயம் கலந்திருந்தது. அந்தக் காலத்து நல்ல பெயிண்டில் ஈயம் இருக்கும். அவர் நல்ல பெயிண்டாகப் பார்த்துத்தான் வாங்கினார்.

இரண்டு கோடைக்கு முன்னால் மிஸ்டர் டொலிவரின் தங்கை வெர்லீன் இறந்துபோனாள். அவளுடைய ஒரு வயதுக் குழந்தை ஓப்பல் தாய்மாமன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். குழந்தைக்குச் சடை பின்ன என் அம்மா மர்வாவிடம் வந்து, எங்கள் சோபாத் தலையணையின் குஞ்சத்தில் பின்னிப் பழகினார். அதோடு தெருப்பக்கத்து அறையை அவளுக்கென்று அழகுபடுத்தத் தொடங்கினார். பழைய ஜன்னல் சட்டங்களை மெஷின் வைத்து மூன்று நாள் தேய்த்தார். அந்த மாதம் நானும் பள்ளிக்கூடத்துக் கோடை வகுப்பும் பேச்சுவார்த்தையில் இல்லை என்பதால் எங்கள் வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். அவர் புருவமெல்லாம் வெள்ளைத் தூசு. குழந்தை தரையில் போர்வைமேல் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தது.

"மிஸ்டர் டொலிவர், பேக்கரி வச்சிருக்கீங்களா?" என்று கத்தினேன்.

"உனக்கு ஒரு பன் கூடக் கிடையாது, டெசிப் பொண்ணே" என்றார் சிரித்துக்கொண்டே.

ஓப்பலுக்கு மூன்று வயது ஆனபோது கிளினிக்கில் விரலைக் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அதில் ஈயம் பதினாலு. மூன்றரையைத் தாண்டினாலே டாக்டர்கள் கூப்பிட்டுப் பேசுவார்கள். குழந்தையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஓடும், சாப்பிடும், கடிக்கும். உள்ளே மூளை வளரவேண்டிய இடத்தில் அது புகுந்து வேலை செய்யும் என்று நர்ஸ் சொன்னாள். மிஸ்டர் டொலிவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"எங்கேர்ந்து?"

"வீட்டுலேர்ந்துதான் சார். பழைய ஜன்னலைத் தொறந்து மூடறப்ப பெயிண்ட் தேஞ்சு தூசு விழும். அதைத் தொட்ட கையை வாயில வைப்பாங்க."

இதற்கென்று நகராட்சியில் ஒரு திட்டம் இருக்கிறது. பழைய வீடாக இருக்கவேண்டும், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கவேண்டும், வருமானம் குறைவாக இருக்கவேண்டும். அப்படியிருந்தால் நகராட்சியே தன் செலவில் ஜன்னல்களை மாற்றி, ஈயப் பூச்சை எடுத்துத் தரும். இந்த வருடம் நாற்பது வீட்டுக்குப் பணம் ஒதுக்கியிருந்தார்கள். மூன்று நிபந்தனையும் அவருக்குப் பொருந்தியது. நான்காவது ஒன்று உண்டு: பரிசோதகர் வந்து பார்த்து, ஆபத்து இருக்கிறது என்று எழுதவேண்டும்.

அவருக்கு இது வெறும் ஜன்னல் விஷயம் இல்லை. ஓப்பலை வளர்க்கும் உரிமையை நீதிமன்றம் தற்காலிகமாகத்தான் கொடுத்திருந்தது. மார்ச்சில் வாய்தா. அதற்குள் வீடு பாதுகாப்பானது என்ற சான்றிதழ் வராவிட்டால் குழந்தையை வேறு குடும்பத்தில் வைக்கவேண்டியிருக்கும் என்று நீதிமன்றத்திலிருந்து வந்த அம்மாள் தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

நவம்பரில் பரிசோதனை. மிஸ்டர் டொலிவர் ஐந்து நாள் லீவு போட்டார். வெடிப்புகளில் பட்டி வைத்து அடைத்தார். பன்னிரண்டு ஜன்னலுக்கும் கெட்டியாக ஒரு கோட் அடித்தார். தரையை மூன்று முறை கழுவினார்.

அம்மா வேலியோரம் நின்று சொல்லிப் பார்த்தாள். "ஆல்வின், அவங்க பழுதைப் பாக்கத்தான் வராங்க."

"அதுக்காக வர்றவங்களுக்குக் குப்பையைக் காட்டச் சொல்றியா, மர்வா? எங்கப்பன் காலத்துலேர்ந்து இந்த வீட்டுக்குள்ள வந்த ஒருத்தரும் மூக்கைச் சுளிச்சதில்ல."

பரிசோதகர் யோலாண்டா பீக்ஸ் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியோடு வந்தார். சுவரில் வைத்து அழுத்தினால் அடியில் எத்தனை பூச்சுக்குக் கீழே ஈயம் இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். மூன்று மணிநேரம் இருந்தார். ஜன்னல் விளிம்புகளை ஈரத்துணியால் துடைத்து, துணியைச் சோதனைக் குழாயில் போட்டு எடுத்துக்கொண்டார். மிஸ்டர் டொலிவர் கொடுத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தைச் சாப்பிட்டார். அவர் கார் திரும்பிப் போனதும் மிஸ்டர் டொலிவர் தெருவைக் கடந்து எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஒவ்வொரு ஜன்னலுக்கும் நேரா 'பழுதில்லை'ன்னு எழுதினாங்க, மர்வா. நானே பாத்தேன். பன்னெண்டு ஜன்னல், பன்னெண்டு தடவை."

அம்மா அடுப்பை அணைத்தாள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. அடியில் ஈயம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் மேல்பூச்சு பழுதில்லை, தூசும் இல்லை. ஆகவே விதிப்படி ஆபத்து இல்லை. விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்பட்டது. தபால்பெட்டி பக்கத்திலேயே நின்று அதை இரண்டு முறை படித்தார். ஓப்பல் அவர் கால்சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"சுத்தமா இருந்ததுக்காக ஃபெயிலான ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்றேன். எனக்கு வேறு எப்படி ஆறுதல் சொல்வது என்று தெரியாது. "நான் வேணா வந்து ஜன்னலை நாலு உதை விடட்டுமா? பெயிண்டெல்லாம் உதிர்ந்தா அவங்களே வந்து எழுதிக்குவாங்க."

"உள்ள புள்ள இருக்கா, டெசி" என்றார்.



அன்று மாலை எங்கள் சமையலறையில் ஓப்பலை மடியில் வைத்துச் சடை பின்னிக்கொண்டே யோலாண்டாவுக்குப் போன் போட்டார். கை ஒழியாததால் போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் பேசினார்.

"உங்க ஜன்னல்ல ஒண்ணைக்கூட என்னால தொறக்க முடியல, மிஸ்டர் டொலிவர். எப்பவும் அப்படித்தானா?"

"இல்ல மேடம். போன கோடையெல்லாம் தொறந்துதான் இருந்துச்சு. நீங்க வர்றீங்கன்னு பெயிண்ட் அடிச்சேன். சட்டத்தோட ஒட்டிக்கிச்சு."



"தேய்மானம் உள்ளதான் இருக்கும். கீழ்ச் சட்டம் வந்து உக்காருமே, அந்தப் பள்ளத்துல. மூடியிருந்தா அதை உடைச்சுப் பாக்க எனக்கு அதிகாரம் இல்ல. வீட்டுக்காரரே தொறந்து காட்டினா பாக்கலாம். மறுபரிசோதனைக்கு நீங்க எழுதிக் குடுக்கணும்."

"அப்ப நான் உடைக்கணும்."

"நீங்கதான். நான் வந்தப்புறம், ஈரம் பண்ணிட்டு. புள்ளையை வெளிய விட்டுருங்க."

"மாமா, வலிக்குது" என்றாள் ஓப்பல். சடையை அவ்வளவு இறுக்கியிருந்தார்.

டிசம்பரில் யோலாண்டா மறுபடியும் வந்தார். ஓப்பல் எங்கள் வீட்டில் அம்மாவோடு இருந்தாள். நான் மிஸ்டர் டொலிவர் வீட்டுத் தாழ்வாரத்தில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். யோலாண்டா என்னைத் தள்ளி நிற்கும்படி கையாட்டினார். மூன்றடி தள்ளி நின்றேன்.

மிஸ்டர் டொலிவர் முகமூடி போட்டுக்கொண்டு, தண்ணீர் தெளித்த ஜன்னலில் பட்டிக்கத்தியை வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றார். தன் வீட்டில் அவர் இதுவரை ஒரு கீறல் போட்டதில்லை. பிறகு மேலிருந்து கீழாகப் புதுப் பூச்சை நேர்கோட்டில் அறுத்தார். நான்கு பக்கமும் அறுத்து, இரண்டு உள்ளங்கையாலும் சட்டத்தைத் தூக்கினார். முதலில் அசையவில்லை. பிறகு படாரென்று மேலே போனது. அதுவரை ஊமைப்படமாக இருந்தவர்களின் குரல் எனக்குக் கேட்கத் தொடங்கியது.

பள்ளம் நிறையச் சாம்பல் நிறத் தூசு. நகம் நகமாகப் பெயிண்ட் சில்லுகள். அவற்றுக்கு நடுவே ஓப்பலின் சிவப்புக் கிளிப் ஒன்று.

அந்தக் கிளிப் தானாக அங்கே போயிருக்காது. அவள் கை போயிருக்கிறது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

யோலாண்டா தூசை எடுத்துக்கொண்டு, படிவத்தைத் திருப்பினார். "இதை மறுபடியும் கேக்கணும் சார். கடந்த மூணு வருஷத்துல யாராவது இந்த ஜன்னலைச் சுரண்டினாங்களா, தேச்சாங்களா? போன தடவை இல்லன்னு சொல்லியிருக்கீங்க."

மிஸ்டர் டொலிவர் என்னைப் பார்த்தார். நான் பார்த்திருந்தேன் என்று அவருக்குத் தெரியும். நான் என் ஷூவைப் பார்த்தேன். இந்தத் தெருவில் யாரைப் பற்றி எது தெரிந்தாலும் ஊதிவிடுகிறவள் நான். இதை மட்டும் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

"நான்தான்" என்றார். "ரெண்டு கோடைக்கு முன்னாடி. மெஷின் வச்சு மூணு நாள். அவ அங்கதான் தரையில உக்காந்திருந்தா."

"இதை நான் எழுதியாகணும். கோர்ட்டுக்கும் ஒரு நகல் போகும்."

"எழுதுங்க. போன தடவை பொய் சொன்னேன்னும் எழுதுங்க. அவளைக் கூட்டிட்டுப் போயிருவாங்கன்னு பயந்துட்டேன்."

யோலாண்டா எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடும்போது, "ரூமை அழகு பண்ணலாம்னுதான் எல்லாரும் தேய்க்கிறாங்க சார்" என்றார். "கெட்டது பண்ணணும்னு யாரும் தேய்க்கறதில்ல."

அவர் அதற்குத் தலையாட்டவில்லை.

தூசில் அனுமதித்த அளவைப்போல நாற்பது மடங்கு ஈயம் இருந்தது. ஜனவரியில் பணம் அனுமதியானது. பிப்ரவரியில் வெள்ளை அங்கி போட்ட ஆட்கள் நாலு பேர் பிளாஸ்டிக் சுருள்களோடு வந்து இறங்கினார்கள். வேலை நடக்கும் வீட்டு முகப்பில் எச்சரிக்கைப் பலகை வைக்கவேண்டும் என்பது சட்டம். ஒருவன் அதைத் தூணில் கோணலாக ஒட்டிக்கொண்டிருந்தான். "ஆபத்து. ஈயம். உள்ளே வராதீர்கள்."

"இங்க குடு தம்பி. நானே மாட்டறேன்."

ரசமட்டம் கொண்டுவந்து வைத்துப் பார்த்து, நாலு மூலைக்கும் ஸ்க்ரூ போட்டு, தெருமுனையிலிருந்தே தெரிகிற மாதிரி மாட்டினார். மூன்றாவது வீட்டுக் கிழவர் எஸ்ரா நாயோடு வந்தவர் நின்றுவிட்டார்.

"என்னப்பா ஆல்வின், தப்பான வீட்டுல மாட்டிட்டாங்களா?"

"சரியான வீடுதான். உங்க வீட்டுலயும் பேரப்புள்ளைங்க இருக்குதுங்க. கீழ நம்பர் இருக்கு பாருங்க, எழுதிக்குங்க. அவங்க வர்றதுக்கு முன்னாடி பெயிண்ட் மட்டும் அடிச்சுராதீங்க."

கிழவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். பிறகு நாயின் கயிற்றை முழங்கையில் மாட்டிக்கொண்டு, சட்டைப்பையில் பென்சில் தேடினார்.

பத்து நாள் ஓப்பலும் அவரும் எங்கள் வீட்டில் இருந்தார்கள். சோபாவில் அவர் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மார்ச் வாய்தாவில் நீதிபதி ஜன்னலைத் தேய்த்ததைப் பற்றிக் கேட்டபோது, யோலாண்டாவிடம் சொன்னதையே ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாராம். சான்றிதழைப் பார்த்துவிட்டு நீதிபதி குழந்தை அங்கேயே இருக்கட்டும் என்றார். அம்மா அழுதாள். மிஸ்டர் டொலிவர் தன் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவர் கையில் இருந்தது.

ஏப்ரலில் ரத்தத்தில் எட்டு.

"இன்னும் எறங்கும், மெதுவா" என்றாளாம் நர்ஸ். "ஆனா முன்னாடியே உள்ள போனது என்ன பண்ணியிருக்குன்னு அவ ஸ்கூலுக்குப் போனாத்தான் தெரியும்."

"ஸ்கூலுக்குப் போகாதவங்களுக்கும் மூளை வேலை செய்யும், மிஸ்டர் டொலிவர். என்னைப் பாருங்க" என்றேன்.

"உன்னைப் பாத்துத்தான் எனக்குப் பயமே" என்றார். பிறகு, "நர்ஸ் தினமும் அவளுக்குப் படிச்சுக் காட்டச் சொல்றாங்க. எனக்கு டிப்போ முடிய ஆறு ஆயிடுது. நாலு மணிக்கு வர்றியா? தப்பாப் படிச்சாலும் பரவாயில்ல."

போகிறேன். இந்த ஈஸ்டருக்கு அவர் ஏணியை எடுக்கவில்லை. நான் படித்துக் காட்டுவதற்கு நூலகத்திலிருந்து புத்தகங்கள் எடுத்துவந்தார்.

நேற்று லீவு என்பதால் அவரும் வீட்டில் இருந்தார். ஓப்பல் ஒரு படத்தின்மேல் விரலை வைத்து "ஆந்தை" என்றாள். படத்தில் இருந்தது வாத்து. மூன்று வயதுப் பிள்ளை எதையும் எதுவென்றும் சொல்லும். ஆனால் சமையலறையில் தட்டுச் சத்தம் நின்றுவிட்டது. ஈரக் கையோடு அதன் வாசலில் வந்து நின்றார்.

"வரைஞ்சவன் ஒழுங்கா வரையல" என்றேன் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே. "எனக்கே ஆந்தை மாதிரித்தான் தெரியுது."

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. தட்டுச் சத்தம் கேட்கவில்லை.